கேட்டறிதல்: எதிரே இருப்பவர் சொல்ல வந்ததைப் பிடிப்பது எப்படி

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, ஒரே வாரத்தில் மூன்று முறை என் அப்பா கும்பகோணத்திலிருந்து தொலைபேசியில் அழைத்து ஒரே கேள்வியைக் கேட்டார்: “ஏம்மா, பேங்க் எத்தனை மணிக்குத் தொறப்பாங்க?” ஓய்வூதியத்துக்காக மாதந்தோறும் அதே வங்கிக்குப் போய்வருகிறவர் அவர், அது திறக்கும் நேரம் அவருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. ஆனாலும் மூன்று முறையும் நான் “பத்து மணிக்குப்பா” என்று பதில் சொல்லி, மாத்திரை போட்டாரா என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டேன். நான்காம் முறை அழைத்தபோதுதான் ஏதோ உறுத்தி, “பேங்க்ல என்னப்பா வேலை?” என்று கேட்டேன். மறுமுனையில் சற்று நேரம் மின்விசிறி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, வாடிக்கையாளர் விவரங்களைப் புதுப்பிக்க வேண்டும் என்று யாரோ அழைத்ததும், கைபேசிக்கு வந்த ஓடிபி எண்ணை இவர் வாசித்துக் காட்டியதும், கணக்கிலிருந்து 18,000 ரூபாய் போய்விட்டதும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அதற்குள் ஐந்து நாட்கள் கடந்திருந்தன. இணையவழிப் பண மோசடிகளைத் தெரிவிப்பதற்கென்று இந்தியாவில் 1930 என்ற எண் இருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணம் கைமாறாமல் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு. முதல் அழைப்பிலேயே நான் அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் அந்த வாய்ப்பு எங்களுக்கும் இருந்திருக்கும்.

என் காதில் கோளாறு எதுவும் இல்லை. அப்பா சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெளிவாகவே விழுந்தது. சரியான பதிலையும் சொன்னேன். அவர் எதற்காக அந்தச் சொற்களைச் சொன்னார் என்பதை மட்டும் நான் தேடவில்லை. அந்த வாரத்துக்குப் பிறகு, கேட்பது எப்படி நடக்கிறது, அதை எப்படிப் பழகுவது என்று தேடிப் படித்ததையும், வீட்டிலும் வேலையிடத்திலும் செய்துபார்த்ததையும் இங்கே எழுதுகிறேன்.

கேள் என்ற சொல்லிலிருந்து தொடங்கலாம்

தமிழில் ‘கேள்’ என்ற ஒரே வினை மூன்று வேலைகளைச் செய்கிறது. பாட்டுக் கேட்கிறோம், வழி கேட்கிறோம், பெரியவர்கள் பேச்சைக் கேட்கிறோம். அதாவது செவியில் வாங்குவது, வினவுவது, கீழ்ப்படிவது ஆகிய மூன்றுக்கும் சொல் ஒன்றுதான். திருக்குறளின் 42ஆம் அதிகாரத்துக்குக் ‘கேள்வி’ என்று பெயர். அங்கே அது அறிந்தவர்களிடம் கேட்டு அறிவதைக் குறிக்கிறது, இன்றைய பேச்சில் அதே சொல் வினாவைக் குறிக்கிறது. முதல் இரண்டு பொருள்களும் ஒரே சொல்லில் இணைந்திருப்பதை நான் நல்ல வழிகாட்டியாகவே எடுத்துக்கொள்கிறேன். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது மட்டும் கேட்டல் ஆகாது. கேட்டு வாங்கியதில் எது விளங்கவில்லையோ அதை வினவியும் வாங்கினால்தான் அது முழுமையடைகிறது.

மூன்றாவது பொருள்தான் நம் வீடுகளில் சிக்கலை உண்டாக்குகிறது. “அவன் என் பேச்சைக் கேட்பதே இல்லை” என்று ஒரு தாய் சொல்லும்போது, மகனுக்குக் காது கேட்கவில்லை என்றோ, அவன் புரிந்துகொள்ளவில்லை என்றோ அவர் சொல்லவில்லை. சொன்னபடி அவன் செய்வதில்லை என்கிறார். இந்தப் பழக்கத்தினால், ஒருவர் சொல்வதை முழுவதும் கேட்டுவிட்டால் அதற்கு ஒப்புக்கொண்டதாகிவிடும் என்ற அச்சம் நமக்குள் ஊறியிருக்கிறது. கல்லூரியில் வேறு பாடம் எடுக்கப்போகிறேன் என்று மகள் பேச ஆரம்பித்ததுமே தந்தை “அதெல்லாம் சரிப்படாது” என்று வெட்டுவது பெரும்பாலும் இந்த அச்சத்தினால்தான். ஆகவே பழகுவதற்கு முன் மனத்தில் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டியது இதுதான்: கேட்பது வேறு, சம்மதிப்பது வேறு. முழுவதும் கேட்டுவிட்டு “எனக்கு இதில் உடன்பாடு இல்லை” என்று சொல்லும் உரிமை உங்களிடம் அப்படியே இருக்கிறது. சொல்லப்போனால், எதற்கு உடன்பாடு இல்லை என்பதே முழுவதும் கேட்ட பிறகுதான் உங்களுக்குத் தெரியும்.

பதில் ஏன் முந்திக்கொள்கிறது

உரையாடலில் ஒருவர் முடித்ததற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று மொழியியலாளர்கள் பல மொழிகளில் அளந்திருக்கிறார்கள். 2009இல் வெளிவந்த, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மொழிகளும் அடங்கிய பத்து மொழி ஆய்வில், அந்த இடைவெளி சராசரியாக ஏறத்தாழ 200 மில்லி விநாடி என்று தெரிந்தது. கண் இமைக்கும் நேரம் என்று நாம் சொல்வது ஏறக்குறைய இதைத்தான். ஆனால் ஒரே ஒரு சொல்லை மனத்தில் தேடியெடுத்து உச்சரிக்க ஆயத்தமாவதற்கே நமக்கு ஏறத்தாழ 600 மில்லி விநாடி தேவைப்படுகிறது. கணக்கைப் போட்டுப் பார்த்தால், எதிரே இருப்பவர் தம் வாக்கியத்தை முடிக்கும் முன்பே நாம் நம் பதிலைக் கட்டத் தொடங்கிவிடுகிறோம் என்பது விளங்கும். இது யாருடைய குணக்கேடும் அல்ல, மனிதப் பேச்சு ஓடும் விதமே இதுதான். அன்றாட அரட்டைக்கு அது போதும். கனமான விஷயம் ஒன்றை ஒருவர் சொல்ல வரும்போது மட்டும் அந்த ஓட்டத்தை நாம் வேண்டுமென்றே தணிக்க வேண்டியிருக்கிறது, ஏனெனில் முக்கியமான சொல் பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில்தான் வருகிறது. தமிழில் வினைமுற்று கடைசியில் நிற்பதால் இது இன்னும் பொருந்தும்: “நான் வேலையை விட…” என்ற இடத்தில் நீங்கள் குறுக்கிட்டால், அவர் விட்டுவிட்டாரா, விடப்போகிறாரா, விட மாட்டேன் என்கிறாரா என்பது உங்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

மருத்துவர்களின் அறையில் இது எப்படி நடக்கிறது என்பதற்குத் தெளிவான பதிவுகள் உண்டு. அமெரிக்காவில் ஹோவர்ட் பெக்மன், ரிச்சர்ட் ஃபிராங்கல் இருவரும் 1984இல் வெளியிட்ட ஆய்வில் 74 மருத்துவச் சந்திப்புகளை ஒலிப்பதிவு செய்து பார்த்தார்கள். நோயாளி தம் தொல்லைகளைச் சொல்லத் தொடங்கியதிலிருந்து சராசரியாக 18 விநாடிகளில் மருத்துவர் இடைமறித்துவிட்டார். சொல்ல வந்ததைச் சொல்லி முடித்த நோயாளிகள் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. “பேசவிட்டால் நிறுத்தவே மாட்டார்கள்” என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் வழக்கமான சமாதானம். அது உண்மையா என்று சுவிட்சர்லாந்தில் பாசல் நகரப் பல்கலைக்கழக மருத்துவமனையில் சோதித்தார்கள். நோயாளி தாமாக நிறுத்தும்வரை குறுக்கிடுவதில்லை என்று மருத்துவர்களைப் பழக்கி, நோயாளிக்குத் தெரியாமல் நேரத்தை அளந்தார்கள். 335 நோயாளிகள் பேசிய நேரத்தின் சராசரி 92 விநாடிதான். நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டவர்கள் இரண்டு நிமிடத்துக்குள் முடித்துவிட்டார்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டியவர்கள் ஏழே பேர், அவர்கள் சொன்னவையும் தேவையான செய்திகளாகவே இருந்தன என்று மருத்துவர்கள் கருதினார்கள்.

இதிலிருந்து வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் எடுத்துக்கொள்ளக்கூடிய முதல் பயிற்சி மிக எளியது. யாராவது “ஒரு விஷயம் சொல்லணும்” என்று தொடங்கினால், இரண்டு நிமிடம் அவருடையது என்று விட்டுவிடுங்கள். அவர் நடுவில் நின்றால், முடித்துவிட்டார் என்று உடனே முடிவு கட்டாமல், மூச்சை ஒருமுறை இழுத்து விடும் நேரம் காத்திருங்கள். அந்தச் சிறிய மௌனத்துக்குப் பிறகு வருவதுதான் பல சமயம் உண்மையான செய்தியாக இருக்கிறது. என் அப்பாவின் தொலைபேசியில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்ட அந்த இடைவெளியில் நான் “ஹலோ, ஹலோ, லைன்ல இருக்கீங்களா” என்று கத்தியிருந்தால், “ஒண்ணுமில்லம்மா” என்று அவர் வைத்திருப்பார்.

இடம், சத்தம், செவித்திறன்

பேச உட்காரும் முன் தொலைக்காட்சியை அணைப்பதும், கைபேசியைத் திரை கீழே இருக்கும்படி கவிழ்த்து வைப்பதைவிட வேறு அறையில் வைத்துவிடுவதும் நல்லது. மனிதச் செவி ஒரே நேரத்தில் இரண்டு பேச்சைப் பின்தொடராது. பிரிட்டனைச் சேர்ந்த காலின் செர்ரி 1953இல் ஒருவரின் இரண்டு காதுகளிலும் இரு வேறு பேச்சுகளை ஒலிக்கவிட்டு, ஒரு காதில் வருவதை மட்டும் உடனுக்குடன் திருப்பிச் சொல்லச் செய்தார். மற்றக் காதில் ஒலித்த ஆங்கிலம் நடுவே ஜெர்மனாக மாறியதைக்கூடப் பங்கேற்றவர்கள் கவனிக்கவில்லை. ஒரு கண்ணால் கைபேசியில் வந்த செய்தியை வாசித்துக்கொண்டே “நீ சொல்லு, நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்” என்று சொல்கிறவர் தம்மை அறியாமல் பொய் சொல்கிறார்.

வயதானவர்களோடு பேசுகையில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். முதுமையில் முதலில் குறைவது உயர் அதிர்வெண் ஒலிகளைக் கேட்கும் திறன். உயிரொலிகள் கேட்கும், ஆனால் ச, த, ப போன்ற, ஒலியளவு குறைந்த மெய்யொலிகள் நழுவிவிடும். அதனால்தான் “நீ பேசுறது கேக்குது, ஆனா என்ன சொல்றேன்னு புரியலை” என்கிறார்கள். கத்துவதால் பயன் குறைவு, ஏனெனில் கத்தும்போது ஏற்கெனவே கேட்கும் உயிரொலிதான் மேலும் பெரிதாகிறது. வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி எதிரே உட்கார்ந்து, சற்று நிதானமாகப் பேசி, மிக்சியோ மேசை விசிறியோ ஓடினால் நிறுத்திவிடுங்கள். ஒரு பெரியவர் கூட்டத்தில் பேசாமல் ஒதுங்கியிருந்தால், கோபம் என்று முடிவு செய்யும் முன் செவித்திறன் பரிசோதனைக்கு ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள்.

உம் கொட்டுவது ஒரு கலை

குழந்தைக்குக் கதை சொல்லும் பாட்டி, “உம் கொட்டினால்தான் சொல்லுவேன்” என்பார். உம் நின்றால் கதையும் நிற்கும். வில்லுப்பாட்டில் முதன்மைப் பாடகர் ஒரு செய்தியைச் சொன்னதும் பக்கத்தில் இருப்பவர் “ஆமாம்” போட்டு, வியந்து, இடையில் கேள்வியும் கேட்டுக் கதையை நகர்த்துவார். கேட்பவரும் சேர்ந்துதான் கதையைச் சொல்கிறார் என்பதை நம் கதைசொல்லிகள் நெடுங்காலமாக அறிந்து வைத்திருக்கிறார்கள்.

கனடாவில் விக்டோரியா பல்கலைக்கழகத்தின் ஜேனட் பாவெலஸும் உடன் பணியாற்றியவர்களும் 2000இல் வெளியிட்ட சோதனை இதை அழகாக உறுதிப்படுத்துகிறது. மயிரிழையில் ஆபத்திலிருந்து தப்பிய அனுபவம் ஒன்றைச் சொல்லும்படி சிலரைக் கேட்டுக்கொண்டார்கள். கேட்பவர்களில் ஒரு பிரிவினருக்கு மட்டும் இரகசியமாக ஒரு வேலை தரப்பட்டது: ‘டி’ (t) என்னும் ஆங்கில எழுத்தில் தொடங்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். சொற்களை இவ்வளவு உன்னிப்பாகக் கவனித்தும், அவர்களால் கதையை வாங்கிக்கொள்ள முடியவில்லை. திடுக்கிட வேண்டிய இடத்தில் திடுக்கிடவும் இல்லை. அதன் விளைவு சொல்பவர் மேல் விழுந்தது. உச்சக்கட்டத்தில் கதை சொன்னவர்கள் தடுமாறினார்கள். சொன்னதையே மறுபடி சொன்னார்கள். அது ஏன் ஆபத்தான தருணம் என்று விளக்க முற்பட்டார்கள். நம்மிடம் ஒருவர் சுற்றி வளைத்துப் பேசுகிறார், முடிக்கத் தெரியாமல் இழுக்கிறார் என்று அலுத்துக்கொள்ளும்போது, குறை அவரிடமா நம்மிடமா என்று ஒரு கணம் பார்த்துக்கொள்வது நியாயம்.

பொதுவான “உம்… உம்…” எவருக்கும் எளிதில் வரும். இயந்திரம்போல் அதைப் போட்டுக்கொண்டே வேறு யோசனையில் இருக்கவும் முடியும். கதையின் அந்த இடத்துக்கென்றே எழும் “ஐயோ, அப்புறம்?”, “மழையிலயா?”, “தனியாவா போனீங்க?” போன்றவைதான் சொல்பவரைத் தாங்குகின்றன. இவற்றை நடிக்க முடியாது. செய்தியைப் பின்தொடர்ந்தால் தாமாக வரும், பின்தொடராவிட்டால் வராது.

உடல்மொழியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனெனில் பயிற்சி வகுப்புகளில் தவறான செய்தி ஒன்று பரவியிருக்கிறது. தகவல் தொடர்பில் சொற்களுக்கு 7 விழுக்காடு, குரலுக்கு 38, முகத்துக்கு 55 என்று ஒரு கணக்கைத் திரையில் காட்டுவார்கள். அது ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் செய்த இரண்டு சிறிய சோதனைகளிலிருந்து எடுக்கப்பட்டது. ஒற்றைச் சொல்லைச் சொல்லும் குரலும் முகமும் சொல்லின் பொருளோடு முரண்படும்போது, அவருக்கு விருப்பமா வெறுப்பா என்று எதை வைத்து ஊகிக்கிறோம் என்பதே அங்கே பார்க்கப்பட்டது. எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தாது என்று அவரே தெளிவுபடுத்தியிருக்கிறார். தலையசைப்பதையும் கண்ணைப் பார்ப்பதையும் மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு சொற்களை 7 விழுக்காடாக எண்ணிவிட்டால் கேட்பதற்கு எதுவும் மிஞ்சாது. மேலும், பெரியவர்கள் முன் பார்வையைத் தாழ்த்துவது மரியாதை என்று வளர்க்கப்பட்ட பிள்ளையிடம் “என் கண்ணைப் பார்த்துப் பேசு” என்று வற்புறுத்தினால் அவன் பேச்சு அத்தோடு அடங்கிவிடும். பக்கவாட்டில் உட்கார்ந்தோ, சேர்ந்து காய்கறி நறுக்கிக்கொண்டோ, வண்டியில் போய்க்கொண்டோ பேசுவது பலருக்கு எளிதாக இருக்கிறது.

எந்தச் சொல்லால் கேட்கிறோம்

அமெரிக்காவில் ஜான் ஹெரிடேஜும் உடன் ஆய்வாளர்களும் 2007இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், நோயாளி வந்த காரணத்தைச் சொல்லி முடித்ததும் மருத்துவர் கேட்கும் கடைசிக் கேள்வியில் ஒரே ஒரு சொல்லை மாற்றிப் பார்த்தார்கள். ‘இல்லை’ என்ற பதிலை எதிர்பார்க்கும் தொனியுள்ள ஆங்கிலச் சொல்லுக்குப் பதிலாக, ‘இருக்கும்’ என்று எதிர்பார்க்கும் சொல்லை வைத்தார்கள். நோயாளி சொல்ல நினைத்தும் சொல்லாமல் திரும்பிய தொல்லைகள் அதனால் 78 விழுக்காடு குறைந்தன. சந்திப்பின் நேரமும் நீளவில்லை.

தமிழில் இந்த வேறுபாடு நம் நாவிலேயே இருக்கிறது. “வேற ஒண்ணும் இல்லையே?” என்று கேட்டால் “இல்லை” என்ற பதிலை நாமே வாயில் ஊட்டிவிடுகிறோம். “வேற ஏதாவது இருக்கா?” நடுநிலையானது, ஆயினும் ‘இல்லை’ என்று சொல்லி எழுந்துகொள்வது அதற்கும் எளிது. “வேறென்ன, சொல்லுங்க” என்பது இன்னும் இருக்கிறது என்று ஏற்றுக்கொண்டு கேட்கிறது. அப்பாவுடன் பேசி முடிக்கும் இடத்தில் இப்போது “வேறென்னப்பா?” என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறேன், மூட்டு வலி, பக்கத்து வீட்டுக்காரரோடு வந்த எல்லைத் தகராறு, தனியாகச் சாப்பிடப் பிடிக்கவில்லை என்பது, எல்லாம் அந்தக் கேள்விக்குப் பிறகு வந்தவைதான்.

“ஏன்” என்ற சொல்லில் கவனமாக இருங்கள். இலக்கணப்படி அது காரணம் கேட்கும் வினா, ஆனால் “ஏன் அவனிடம் ஓடிபியைச் சொன்னீங்க?” என்பது காதில் குற்றச்சாட்டாகவே விழுகிறது, பதிலாக வருவது விளக்கமாக இல்லாமல் தற்காப்பாக இருக்கிறது. “அவன் என்ன சொன்னான்? அப்புறம் என்ன நடந்தது?” என்று நிகழ்ச்சியைக் கேட்டால் காரணமும் அதற்குள்ளேயே வந்துவிடும். அப்பாவிடம் நான் சரியாகச் செய்தது இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். பின்பு ஒருநாள், ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்பதை அவராகவே சொன்னார்: “போன தடவ ஃபோன தொலைச்சப்ப நீ ரொம்பத் திட்டிட்டே. அதான்.” அந்த மோசடிக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் கத்தியது எனக்கு நினைவிலேயே இல்லை. ஒரு கெட்ட செய்தியை நாம் எப்படி வாங்கிக்கொள்கிறோம் என்பதை வைத்துத்தான் அடுத்த கெட்ட செய்தியை நம்மிடம் சொல்லலாமா என்று வீட்டில் உள்ளவர்கள் முடிவு செய்கிறார்கள்.

‘சரி’ என்ற சொல்லை நம்பாதீர்கள்

1977 மார்ச் 27 அன்று, ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனரீஃப் தீவின் லாஸ் ரோடியோஸ் விமான நிலையத்தில் அடர்ந்த மூடுபனி. ஓடுபாதையின் ஒரு முனையில் கேஎல்எம் விமானம் புறப்பட ஆயத்தமாக நின்றது. அதே பாதையில் பான் ஆம் விமானம் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. புறப்படும் நிலையில் இருக்கிறோம் என்ற பொருள்பட கேஎல்எம் விமானிகள் வானொலியில் சொன்னார்கள். கட்டுப்பாட்டு அறையிலிருந்தவர் முதலில் “ஓகே” என்றார். ஒரு சிறு இடைவெளிக்குப் பின், காத்திருங்கள், நான் அழைக்கிறேன் என்றார். அதே கணத்தில், தாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று பான் ஆம் விமானிகளும் பேசியதால் இரண்டு பேச்சும் ஒன்றோடொன்று மோதிக் கேஎல்எம் விமானியறையில் கீச்சொலியாக விழுந்தன. தெளிவாகக் கேட்டது அந்த “ஓகே” மட்டுமே. அந்த விமானம் அதற்குள் ஓடத் தொடங்கியிருந்தது. மற்ற விமானம் இன்னும் விலகவில்லையா என்று விமானப் பொறியாளர் கேட்டார். விலகிவிட்டது என்று தலைமை விமானி அழுத்தமாகச் சொல்லிவிட்டார். சில விநாடிகளில் நடந்த மோதலில் 583 பேர் இறந்தார்கள். அதன் பின்னர், புறப்படுவதைக் குறிக்கும் சொல்லை உண்மையான அனுமதியின்போது மட்டுமே பயன்படுத்துவது, கொடுத்த கட்டளையை விமானி முழுவதும் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்துவது ஆகியவை உலகெங்கும் கண்டிப்பான நடைமுறையாயின.

நம் ‘சரி’யும் அந்த “ஓகே”யைப் போன்றதுதான். “நீங்கள் சொன்னது காதில் விழுந்தது”, “ஒப்புக்கொள்கிறேன்”, “செய்கிறேன்”, “போதும், நிறுத்துங்கள்” ஆகிய நான்கையும் அந்த ஒரு சொல்லால் சொல்லிவிடுகிறோம். மேலதிகாரி முன் நிற்கும் ஊழியரும் மாமியார் முன் நிற்கும் மருமகளும் சொல்லும் “சரிங்க” எந்த வகை என்று சொன்னவருக்குத்தான் தெரியும். பொறியாளரின் கேள்வியும் இதே வகையில்தான் அமுங்கிப்போனது: மூத்தவர் உறுதியாகச் சொல்லிவிட்டால் இளையவர் மறுபடி கேட்பதில்லை. ஆகவே படிநிலையில் மேலே இருப்பவர்தான் கேட்பதற்கான முதல் அடியை வைக்க வேண்டும்.

அந்த அடிதான் திருப்பிச் சொல்வது. 1957இல் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்து எழுதிய கார்ல் ரோஜர்ஸ், ரிச்சர்ட் ஃபார்சன் இருவரும் இதை ஒரு திறமையாக வகுத்தார்கள்: நீங்கள் புரிந்துகொண்டதை உங்கள் சொற்களில் சொல்லி, சொன்னவரே அதை ஒப்புக்கொள்ளும்வரை உங்கள் கருத்தைத் தள்ளிப்போடுங்கள். கிளிப்பிள்ளையாக அதே வார்த்தைகளைத் திருப்புவது எரிச்சலைத்தான் உண்டாக்கும். நெருக்கமாக ஒன்றைப் பார்ப்போம். கடையில் வேலை செய்யும் பெண் உரிமையாளரிடம், “அண்ணே, நாளையிலேருந்து சாயங்காலம் ஆறு மணிக்கே போயிடலாமான்னு…” என்று இழுக்கிறார். “கடையில கூட்டமே ஆறு மணிக்கு மேலதாம்மா” என்று சொன்னால் பேச்சு முடிந்தது. “ஆறு மணிக்கு மேல வீட்ல ஏதோ தேவைப்படுது, இல்லையாம்மா?” என்று கேட்டால், “அதில்லண்ணே, இருட்டினா அந்தப் பாலத்துக்கிட்ட வர்றதுக்கு பயமா இருக்கு” என்று வருகிறது. உரிமையாளரின் ஊகம் தவறாகிவிட்டது, ஆனால் அந்தத் தவறான ஊகம்தான் சரியான செய்தியைக் கொண்டுவந்தது. இப்போது நேரத்தைக் குறைக்காமலே, யாரையாவது துணைக்கு அனுப்புவதைப் பற்றிப் பேசலாம். “அதில்லை” என்ற சொல் உங்கள் காதில் விழுந்தால் மகிழுங்கள். உங்களிடம் அதைச் சொல்லலாம் என்ற நம்பிக்கை அவருக்கு இருக்கிறது. “ஆமா, அதேதான்” என்று வரும்வரை மறுபடி முயலுங்கள்.

யோசனை சொல்லும் ஆவலை எப்படி அடக்குவது

நம்மில் பெரும்பாலோர் அன்பினால்தான் யோசனை சொல்கிறோம். “எனக்கும் இப்படித்தான் ஆச்சு” என்று தொடங்குவதும் ஆறுதல் தரும் எண்ணத்தில்தான். ஆனால் அந்த வாக்கியத்தோடு பேச்சு கைமாறிவிடுகிறது. வேதனையோடு வந்தவர் இப்போது உங்கள் கதைக்கு உம் கொட்டிக்கொண்டிருக்கிறார். இதற்கு நான் கண்ட எளிய வழி, “நான் கேட்டுக்கிட்டா போதுமா, இல்ல என்ன பண்ணலாம்னு சேர்ந்து யோசிக்கலாமா?” என்று நேராகக் கேட்டுவிடுவதுதான். முதலில் செயற்கையாகத் தோன்றும், இரண்டு மூன்று முறைக்குப் பின் வீட்டாருக்கே பழகிவிடும்.

கேட்பதற்கே தனி வலிமை உண்டு என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1953இல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார் தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்களுக்காக ஒரு தொலைபேசி சேவையைத் தொடங்கினார். நேரில் வந்தவர்கள் அவரைப் பார்ப்பதற்காகக் காத்திருந்த அறையில், தேநீர் கொடுத்து உடன் உட்கார்ந்திருக்கத் தன்னார்வலர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களிடமே மனத்தைக் கொட்டிவிட்டு, பாதிரியாரைப் பார்க்கத் தேவையில்லை என்று பலர் திரும்பிப் போவதை அவர் கவனித்தார். சில மாதங்களில் அந்தச் சேவையைத் தன்னார்வலர்களிடமே ஒப்படைத்துவிட்டார். அதுதான் சமாரிட்டன்ஸ் அமைப்பு. அதே மரபில் இலங்கையில் 1974இல் தொடங்கப்பட்ட சுமித்ரயோவும், சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய சினேகாவும் பயிற்சி பெற்ற தன்னார்வலர்களைக் கொண்டு இயங்குகின்றன.

கேட்பதற்கும் எல்லை உண்டு. வாழ விருப்பமில்லை என்று ஒருவர் சொன்னால் பேச்சை மாற்றாதீர்கள். தற்கொலையைப் பற்றி நினைக்கிறீர்களா என்று வெளிப்படையாகக் கேட்பது அந்த எண்ணத்தைத் தூண்டிவிடாது. அவரைத் தனியே விடாமல், இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணையோ, இலங்கையில் 1926 என்ற எண்ணையோ அவருடன் சேர்ந்தே அழையுங்கள். உங்களைத் திட்டவும் இழிவுபடுத்தவும் மட்டுமே பேசுகிறவரைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய கடமை எவருக்கும் இல்லை. அலுப்பாகவோ அவசரமாகவோ இருக்கும்போது அரைக்காதோடு கேட்பதைவிட, “இப்ப முடியலை, ராத்திரி எட்டு மணிக்கு நானே கூப்பிடுறேன்” என்று சொல்லி, எட்டு மணிக்குத் தவறாமல் அழைப்பது மேல். அழைக்க மறந்தால், அவசரத்தில் அரைகுறையாகக் கேட்டதைவிட அது அதிகம் காயப்படுத்தும்.

பழகுவதற்கு, முக்கியமான உரையாடல் முடிந்ததும் ஒரு துண்டுத்தாளில், அவர் சொன்ன ஒரு வாக்கியத்தை அவருடைய சொற்களிலேயே எழுதிப்பாருங்கள். முதல் வாரத்தில் எனக்கு என் வாக்கியங்கள்தான் நினைவுக்கு வந்தன. அவர்கள் சொன்னதாக எழுதியவற்றிலும் பாதி என் சொற்களாகவே இருந்தன. எழுத வரவில்லையென்றால் மறுநாள் அவரிடமே போய், “நேத்து நீங்க சொன்னதுல ஒண்ணு விட்டுப்போச்சு, மறுபடி சொல்றீங்களா?” என்று கேளுங்கள். இதுவரை இப்படிக் கேட்டதற்காக யாரும் என்னிடம் கோபித்துக்கொண்டதில்லை. இரண்டாம் முறை சொல்லும்போது, முதல் முறை விட்டிருந்த ஏதோ ஒன்றையும் பெரும்பாலும் சேர்த்தே சொல்கிறார்கள்.